உறங்கும் வீட்டில் எரியும் நெருப்பு

அளவற்ற அருளாளனும் நிகரற்ற அன்புடையோனுமாகிய அல்லாஹ்வின் திருப்பெயரால்...

உறங்கச் செல்லும் முன் பேண வேண்டிய ஒழுக்கங்களை மாலை மக்தபில் பிள்ளைகளுக்குப் பாடமாக நடத்திக்கொண்டிருந்தோம். கதவைச் சாத்துதல், பாத்திரங்களை மூடி வைத்தல், தோல்பையின் வாயைக் கட்டுதல், விளக்கை அணைத்தல் என்று ஒவ்வொன்றாகச் சொல்லி வருகையில், பத்து வயது மாணவர் ஒருவர் கையை உயர்த்தினார்.

"ஹஜ்ரத், எங்க வீட்டுல எண்ணெய் விளக்கே கிடையாதே. நாங்க எதை அணைக்கிறது?"

வகுப்பு சிரித்தது. ஆனால் அவர் அருகில் அமர்ந்திருந்த மாணவர் சிரிக்கவில்லை. "கரண்ட் போனா எங்க அத்தா ஜெனரேட்டர் போடுவாங்க ஹஜ்ரத். விடியிற வரைக்கும் ஓடும். அதை அணைக்கணுமா?" என்று கேட்டார்.

முதல் கேள்விக்கு உடனே விடை சொல்லிவிட்டோம். அடுப்பு, கேஸ் சிலிண்டர், கொசுவர்த்தி, ஊதுபத்தி என்று அணைப்பதற்கு நம் வீடுகளில் இன்னும் எத்தனையோ உண்டு. இரண்டாவது கேள்விக்கு மட்டும், "நாளை சொல்கிறோம்" என்றோம். விடை தெரியாமல் அல்ல. அந்த விடையைப் பிள்ளையிடம் சொல்வதைவிட அவருடைய அத்தாவிடமும், அவரைப் போன்ற நம் சமுதாயத்துப் பெற்றோர் அனைவரிடமும் சொல்வதே முறை என்று தோன்றியது. ஆம், அணைக்க வேண்டும். ஏன் என்பதற்கே இக்கட்டுரை.

மதீனாவில் எரிந்த வீடு

மதீனாவில் ஓர் இரவு ஒரு வீடு அதில் வசித்தோர் மீதே தீப்பற்றி எரிந்தது. அச்செய்தி நபிகள் நாயகம் (ஸல்) அவர்களிடம் தெரிவிக்கப்பட்டபோது, இந்த நெருப்பு உங்களுக்குப் பகை, உறங்கும்போது அதை அணைத்துவிடுங்கள் என்ற கருத்தில் அண்ணலார் அறிவுறுத்தினார்கள். அபூமூஸா அல்அஷ்அரீ (ரலி) அவர்கள் வழியாக வரும் இச்செய்தி ஸஹீஹுல் புகாரியிலும் ஸஹீஹ் முஸ்லிமிலும் பதிவாகியுள்ளது. ஜாபிர் (ரலி) அவர்கள் வழியாக வரும் அறிவிப்பில் காரணமும் சொல்லப்படுகிறது: எலி திரியை இழுத்துச் சென்று வீட்டாரை எரித்துவிடக்கூடும். அபூதாவூதில் இடம்பெறும் இப்னு அப்பாஸ் (ரலி) அவர்களின் அறிவிப்பு, அப்படி ஓர் எலி திரியை இழுத்து வந்து அண்ணலார் அமர்ந்திருந்த விரிப்பின் மீதே போட்டதையும், ஒரு திர்ஹம் அளவுக்கு அந்த விரிப்பு எரிந்துபோனதையும் கூறுகிறது.

நெருப்பு அருட்கொடை அன்று என்பது இதன் பொருளல்ல. நாம் மூட்டும் நெருப்பைத் தன் அருட்கொடையாகவே அல்லாஹ் நினைவூட்டுகிறான். அதைப் படிப்பினையாகவும் பயணிகளுக்குப் பயன்பொருளாகவும் ஆக்கியதாகத் திருக்குர்ஆன் (56:71-73) எடுத்துரைக்கிறது. விழித்திருப்பவனுக்குப் பயன்படும் அதே நெருப்பு, உறங்குபவனுக்குப் பகையாகிறது. நெருப்பு மாறுவதில்லை, அதைக் கண்காணிக்கும் கண் மூடிவிடுகிறது.

ஸஹீஹ் முஸ்லிமுக்கு விரிவுரை எழுதிய இமாம் நவவீ (ரஹ்) அவர்கள், இக்கட்டளை பொதுவானது, விளக்கும் பிறவும் இதில் அடங்கும் என்கிறார்கள். தொங்கவிடப்பட்ட விளக்குகளால் தீப்பற்றும் என்ற அச்சம் இருந்தால் அவையும் அடங்கும். அந்த அச்சம் இல்லையென்றால், காரணம் நீங்கிவிட்டதால் அவற்றை எரியவிடுவதில் குற்றமில்லை என்றும் விளக்குகிறார்கள். ஆகவே கேள்வி, அது எண்ணெய் விளக்கா எந்திரமா என்பதன்று. உறங்குபவனுக்குத் தீங்கு வரும் என்ற அச்சம் அதில் இருக்கிறதா இல்லையா என்பதே கேள்வி.

ஜெனரேட்டர் என்பது என்ன? ஓர் இரும்புப் பெட்டிக்குள் இடைவிடாது எரியும் பெட்ரோல். அதில் அந்த அச்சம் எலி இழுத்த திரியைவிடக் குறைவா, கூடுதலா என்று பார்ப்போம்.

மணமற்ற பகைவன்

துணி எரிந்தால் நாற்றம் வரும். கண் எரியும், இருமல் வரும், எழுந்து ஓடலாம். பெட்ரோல் எஞ்சின் வெளிவிடும் கார்பன் மோனாக்சைடு வாயுவுக்கு நிறமும் இல்லை, மணமும் இல்லை. நாம் முகர்வது அதனோடு வரும் மற்றப் புகையைத்தான். புகை நாற்றம் குறைந்துவிட்டது என்பதால் அந்த வாயு இல்லை என்று கொள்ள முடியாது.

நம் இரத்தத்தில் உயிர்க்காற்றைச் சுமந்து செல்வது ஹீமோகுளோபின். அதனோடு ஆக்சிஜன் பிணைவதைவிட 200 மடங்குக்கும் மேலான பற்றுடன் கார்பன் மோனாக்சைடு பிணைந்துகொள்கிறது. மூச்சு சீராக ஓடிக்கொண்டிருக்கும். ஆனால் மூளைக்கும் இதயத்துக்கும் சேர வேண்டியது சேராது. முதலில் தலைவலி, பிறகு தலைச்சுற்றல், குமட்டல், சோர்வு, குழப்பம். விழித்திருப்பவர்கூட இதை அலுப்பு என்றோ, சாப்பிட்டது ஒத்துக்கொள்ளவில்லை என்றோ எண்ணிப் படுத்துவிடுவார். ஏற்கெனவே உறங்கிக்கொண்டிருப்பவருக்கு அந்த எச்சரிக்கையும் இல்லை. குழந்தைகளுக்கும் முதியோருக்கும் இருதய நோயாளிகளுக்கும் தாயின் வயிற்றில் இருக்கும் சிசுவுக்கும் தீங்கு இன்னும் கடுமையானது.

2020 ஜனவரியில் கேரளத்திலிருந்து நேபாளத்துக்குச் சுற்றுலா சென்ற 8 பேர், டாமன் என்னும் மலையூரில் ஒரே அறையில் குளிருக்காகக் கேஸ் ஹீட்டரை வைத்துக் கதவை அடைத்துக்கொண்டு உறங்கினார்கள். மறுநாள் அவர்களில் ஒருவரும் மிஞ்சவில்லை. இறந்தவர்களில் 4 பேர் குழந்தைகள். அதே ஆண்டு ஆகஸ்டில் அமெரிக்காவின் லூசியானா மாநிலத்தை 'லாரா' புயல் தாக்கியது. புயல் கடந்த முதல் சில நாட்களில் அம்மாநிலத்தில் அறிவிக்கப்பட்ட இறப்புகளில் பாதிக்கும் மேற்பட்டவை, காற்றாலோ வெள்ளத்தாலோ நேர்ந்தவை அல்ல. மின்சாரம் இல்லாத வீடுகளில் இயக்கப்பட்ட ஜெனரேட்டர்களின் புகையால் நேர்ந்தவை. புயலுக்குத் தப்பியவர்கள், புயலுக்குப் பிறகு தாமே ஏற்றிய வெளிச்சத்தில் மாண்டார்கள்.

எலி திரியை இழுத்தால்தான் வீடு எரியும், இழுக்காமலும் போகலாம். மூடிய இடத்தில் ஓடும் ஜெனரேட்டருக்கு எலி தேவையில்லை. ஆகவே அண்ணலார் சுட்டிக்காட்டிய காரணம் இதில் நீங்கிவிடவில்லை, வலுத்திருக்கிறது என்பதே நம் கருத்து.

மாடியில் உறங்கியவர்கள்

இது தொலைதூரத்துக் கதை என்று எண்ண வேண்டாம். வண்டலூர் – வாலாஜாபாத் சாலையில், படப்பையைக் கடந்து ஒரகடம் நோக்கிச் செல்லும் வழியில் இருக்கிறது சேரப்பணஞ்சேரி. சுற்றுவட்டாரத்தில் கார், லாரி, மோட்டார் சைக்கிள், டயர் என்று தொழிற்சாலைகள் எழுந்த பிறகு, நிலங்கள் மனைகளாயின. மனைகளில் வாடகைக் குடியிருப்புகள் நெருங்கி நின்றன. தென் மாவட்டங்களிலிருந்தும் வடமாநிலங்களிலிருந்தும் வந்த இளைஞர்கள் ஓர் அறையில் நால்வர், ஐவர் என்று தங்கி மூன்று ஷிப்டுகளில் வேலை பார்க்கிறார்கள்.

2023 டிசம்பர் 3, 4 தேதிகளில் மிக்ஜாம் புயல் மழை கொட்டியபோது இப்பகுதியும் இருளில் மூழ்கியது. நமக்கு அறிமுகமான சகோதரர் ஒருவர், கீழே தம் குடும்பமும் மேலே வாடகைக்கு இளைஞர்களுமாக வாழ்பவர், ஒரு ஜெனரேட்டரை வாடகைக்கு எடுத்து வந்தார். வீட்டில் வயதான தாயும் கைக்குழந்தையும் இருந்தார்கள். வெளியில் வைத்தால் மழையில் நனையும், நனைந்தால் ஷாக் அடிக்கும். எனவே மாடிப்படிக்கு அடியில் வைத்தார். புகை தம் வீட்டுக்குள் வரக் கூடாதென்று அந்தப் பக்கத்துக் கதவையும் ஜன்னல்களையும் சாத்தி, இடுக்குகளில் துணியும் செருகினார். பொறுப்புள்ள தந்தை செய்யக்கூடியதையே செய்தார்.

கீழே வழி அடைபட்ட புகை மாடிப்படி வழியே மேலே ஏறியது. மேலறையில் இரவு ஷிப்டு முடித்து வந்த இளைஞர்கள் மழைக்காகக் கதவை அடைத்துக்கொண்டு உறங்கிக்கொண்டிருந்தார்கள். அவர்களில் ஒருவர் குமட்டல் தாங்காமல் எழுந்து, தடுமாறிப் படியில் விழுந்த சத்தம் கேட்டுத்தான் வீட்டுக்காரர் ஓடினார். மற்றவர்களை எழுப்ப நெடுநேரம் ஆயிற்று. மழையில் மொட்டை மாடிக்கு இழுத்துச் சென்று கிடத்திய பிறகே அவர்களுக்குத் தெளிவு வந்தது. அல்ஹம்துலில்லாஹ், நால்வரும் பிழைத்தார்கள்.

சில நாட்கள் கழித்து அந்தச் சகோதரர் நம்மிடம் சொன்ன சொல் இன்னும் காதில் இருக்கிறது: "நம்ம வீட்டு ஜன்னலை எல்லாம் சாத்திட்டுத்தான் ஹஜ்ரத் போட்டேன். மேல புள்ளைங்க இருக்கிறது நினைப்புலேயே இல்ல."

இதைச் சொல்வது அவரைக் குறை கூறுவதற்காக அல்ல. அவருடைய இடத்தில் நாமும் அப்படியே செய்திருப்போம் என்பதால்தான் சொல்கிறோம். தம் பிள்ளைகளைக் காக்க அவர் சாத்திய ஜன்னலே, பிறர் பெற்ற பிள்ளைகளை நோக்கிப் புகையைத் திருப்பிவிட்டது. எவருடைய தீங்கிலிருந்து அண்டை வீட்டார் அச்சமற்று இருக்கவில்லையோ அவர் ஈமான் கொண்டவர் அல்லர் என்று அண்ணலார் அல்லாஹ்வின் மீது ஆணையிட்டுச் சொன்னதை நாம் பலமுறை ஜும்ஆ உரைகளில் கேட்டிருக்கிறோம். கேட்கும்போது சண்டைக்காரர்களையும் புறம் பேசுவோரையுமே நினைத்துக்கொள்கிறோம். நல்லெண்ணத்தோடு வைக்கப்பட்ட ஓர் எந்திரமும் அந்த எச்சரிக்கைக்குள் வரும் என்று நினைப்பதில்லை.

20 அடியும் அரை கிரவுண்டும்

ஜெனரேட்டரை எங்கே வைக்கலாம்? வீட்டிலிருந்து குறைந்தது 20 அடி தள்ளி, கதவு ஜன்னல்களுக்கு அப்பால், திறந்த வெளியில் என்பது அமெரிக்க நோய்க் கட்டுப்பாட்டு மையத்தின் அறிவுரை. ஜன்னலைத் திறந்து வைப்பதும் மின்விசிறி போடுவதும் போதாது என்பதையும் அது சேர்த்தே சொல்கிறது.

இந்த 20 அடியை நம் மனையில் அளந்து பாருங்கள். இங்கே ஒரு கிரவுண்டு என்பது 2,400 சதுர அடி. நம்மில் பெரும்பாலோர் கட்டியிருப்பது அரை கிரவுண்டில். அதாவது முப்பதுக்கு நாற்பது அல்லது இருபதுக்கு அறுபது. அதில் வீட்டைக் கட்டிய பிறகு பக்கவாட்டில் எஞ்சுவது மூன்றடிச் சந்து. நம் சுவரிலிருந்து 20 அடி தள்ளினால் அது அடுத்த வீட்டுக்காரரின் படுக்கையறை.

விளைநிலத்துக்கு நடுவே வீடு கொண்டவருக்கு எளிதான ஒன்று, அரை கிரவுண்டில் நெருங்கி வாழ்பவருக்கு இயலாததாகிறது. அங்கே எந்திரத்தை வீட்டுக்குள் வைத்தால் நம்மைக் கொல்லும். சந்தில் வைத்தால் அண்டை வீட்டாரைக் கொல்லும். போர்டிகோ, கார் ஷெட், மாடிப்படி அடி, பால்கனி, மொட்டை மாடியில் படிக்கட்டு அறை ஆகிய எதுவும் திறந்த வெளி ஆகாது. மழையோ நம்மை அந்த இடங்களை நோக்கியே தள்ளும். ஏனெனில் நம் ஊரில் மின்சாரம் நாட்கணக்கில் போவது பெரும்பாலும் மழையோடுதான்.

ஒரகடத்துத் தொழிற்சாலைகளிலும் ஜெனரேட்டர்கள் ஓடுகின்றன. ஆனால் அவற்றின் புகைக்குழாய் கட்டடத்தைவிட இவ்வளவு உயர்ந்திருக்க வேண்டும் என்று மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் கணக்கு வகுத்திருக்கிறது. 100 கே.வி.ஏ. எந்திரம் என்றால் அது இருக்கும் கட்டடத்தைவிட 2 மீட்டர் உயரத்தில் புகை வெளியேற வேண்டும். எந்திரத்தின் இரைச்சலை அடக்கக் கூண்டும் உண்டு. நம் வீட்டுச் சிறிய எந்திரத்தின் புகைவாயோ, தவழும் குழந்தையின் முகத்தின் உயரத்தில் இருக்கிறது. இரைச்சலுக்கும் வரம்பு உண்டு. 2000ஆம் ஆண்டின் ஒலி மாசு விதிகளின்படி, குடியிருப்புப் பகுதியில் இரவு 10 மணி முதல் காலை 6 மணி வரை 45 டெசிபல்தான் அளவு. சிறிய ஜெனரேட்டர் ஒன்று அருகில் ஓடினால் இந்த அளவு காற்றில் பறந்துவிடும். நம் வீட்டு மின்விசிறி சுழல்வதற்காக, நான்கு வீட்டு நோயாளிகளின் உறக்கம் விலையாகக் கூடாது.

நைஜீரியாவில் மின்சாரம் நிலையற்றது. அங்கே சிறிய பெட்ரோல் ஜெனரேட்டர்கள் வீட்டுக்கு வீடு உண்டு. அவற்றுள் மிகச் சிறிய, மலிவான வகைக்குத் தெருவழக்கில் ஒரு பெயர் உண்டு: 'அண்டை வீட்டானைவிட நான் ஒருபடி மேல்' என்ற பொருள்படும் பெயர். மக்கள் வேடிக்கையாக வைத்த பெயர்தான். ஆனால் ஒரு தெருவே இருண்டிருக்க நம் வீட்டில் மட்டும் வெளிச்சம் வரும்போது, உள்ளத்தில் மெல்ல எழும் ஓர் எண்ணத்துக்கும் அதுவே பெயர். ஜிப்ரீல் (அலை) அவர்கள் அண்டை வீட்டாரைப் பற்றி வலியுறுத்திக்கொண்டே இருந்ததால், அவரை வாரிசாகவே ஆக்கிவிடுவார்களோ என்று அண்ணலார் எண்ணும் அளவுக்கு இந்த உறவு உயர்ந்தது. வாரிசுரிமை கேட்க வேண்டாம். மூச்சுவிடும் உரிமையையாவது நாம் கொடுக்க வேண்டும்.

பாதையில் வெட்டிய கிணறு

புகையைவிடத் தொலைவுக்குச் செல்வது ஒன்று உண்டு. அது மின்சாரம்.

ஜெனரேட்டரிலிருந்து வரும் வயரின் முனையில் பிளக் மாட்டி, அதை வீட்டுச் சுவரில் உள்ள ஸாக்கெட்டிலேயே செருகிவிடும் வழக்கம் பல இடங்களில் இருக்கிறது. வீடு முழுவதும் ஒரே நொடியில் விளக்கெரியும். ஆனால் மெயின் சுவிட்சை அணைக்க மறந்தால், அந்த மின்சாரம் மீட்டரைத் தாண்டித் தெருக் கம்பிக்குப் போகும். டிரான்ஸ்ஃபார்மர் 11,000 வோல்ட்டை வீட்டுக்கு ஏற்ற அளவாகக் குறைத்துத் தருவது போலவே, மறுபுறமிருந்து வரும் வீட்டு மின்சாரத்தை 11,000 வோல்ட்டாக உயர்த்தியும் அனுப்பும். கம்பியில் மின்சாரம் இல்லை என்று நம்பிக் கம்பத்தில் ஏறி நிற்கும் மின்வாரிய ஊழியரின் கைக்கு அது போய்ச் சேரும். நம் வீட்டுக்கு வெளிச்சம் கொண்டுவரவே மழையில் கம்பம் ஏறியவர் அவர்.

மார்க்கச் சட்ட நூல்களில் கிணறு பற்றிய ஒரு சட்டம் உண்டு. ஒருவர் தம் சொந்த நிலத்தில் கிணறு வெட்டி, அதில் யாரேனும் தவறி விழுந்து இறந்தால் அவர் மீது ஈட்டுத்தொகை இல்லை என்பதற்கு ஹதீஸ் ஆதாரம் இருக்கிறது. ஆனால் மக்கள் நடக்கும் பாதையில் அனுமதியின்றி வெட்டிய கிணற்றில் ஒருவர் விழுந்தால், வெட்டியவர் பொறுப்பாகிறார் என்று சட்ட அறிஞர்கள் கூறுகிறார்கள். கொல்லும் எண்ணம் அவருக்கு இருந்ததா என்று அங்கே கேட்கப்படுவதில்லை. பாதை பொதுவானது, கிணறு அவர் வெட்டியது, அவ்வளவே. நம் வீட்டுச் சுவருக்குள் இருக்கும் மின்சாரம் நம் நிலத்துக் கிணறு. அது மீட்டரைத் தாண்டித் தெருக் கம்பியில் ஏறும் நொடியில், நாம் பாதையில் கிணறு வெட்டுகிறோம். குறிப்பிட்ட ஒரு நிகழ்வின் சட்டத்தை உலமாக்களிடமே கேட்டறிய வேண்டும். ஆயினும் நம் உள்ளம் அஞ்சுவதற்கு இந்த ஒப்புமையே போதும்.

இதற்குத் தீர்வு எளியது. உரிமம் பெற்ற எலக்ட்ரீஷியனைக் கொண்டு சேஞ்ச் ஓவர் சுவிட்ச் பொருத்துவது. அது ஒரு நேரத்தில் ஒரு வழியை மட்டுமே திறக்கும். வாரிய மின்சாரமா, ஜெனரேட்டரா என்பதில் இரண்டும் ஒருபோதும் சேராது. அது இல்லாதவரை, தேவையான கருவியை ஜெனரேட்டரிலேயே தனி வயர் கொண்டு நேராக இணைக்க வேண்டும். சுவர் ஸாக்கெட்டைத் தொடவே கூடாது.

நம் இளைஞர்களுக்கு இது புதிய பாடமல்ல. தொழிற்சாலையில் ஓர் எந்திரத்தைப் பழுதுபார்க்கும் முன் அதன் சுவிட்சைப் பூட்டி, அட்டை மாட்டி, சாவியைத் தம் பையில் வைத்துக்கொண்ட பிறகே கைவைக்க வேண்டும் என்று அவர்கள் பயிற்சி பெற்றிருக்கிறார்கள். அந்தக் கவனத்தைத் தொழிற்சாலை வாயிலிலேயே ஹெல்மெட்டோடு கழற்றி வைத்துவிட்டு வீடு திரும்புவது ஏன்? அங்கே மேற்பார்வையாளர் பார்க்கிறார் என்பதாலா? இங்கும் பார்ப்பவன் ஒருவன் இருக்கிறான்.

தேவையும் அதன் அளவும்

"அப்படியானால் இருட்டில் கிடக்கச் சொல்கிறீர்களா?" என்று கேட்கலாம். நியாயமான கேள்வி. 2012இல் சென்னைக்கு வெளியே நாள்தோறும் பல மணிநேர மின்வெட்டை நாம் அனுபவித்தோம். 2018 நவம்பரில் கஜா புயல் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட மின்கம்பங்களைச் சாய்த்தபோது, முத்துப்பேட்டையும் அதிராம்பட்டினமும் உள்ளிட்ட டெல்டாப் பகுதி பல நாட்கள் இருளில் கிடந்தது. மோட்டார் ஓடாததால் மேல்நிலைத் தொட்டி வறண்டு, உளூவுக்கும் உலைக்கும் நீர் தேடிய வீடுகள் எத்தனையோ. இலங்கையில் 2022 மார்ச் இறுதியில் நாளொன்றுக்கு 13 மணிநேரம் மின்சாரம் நின்றது. அந்நாட்டு மக்கள் அந்த நிலையிலேயே ரமளானை வரவேற்றார்கள். நெபுலைசர் தேவைப்படும் குழந்தை, குளிர்பதனப் பெட்டியில் இன்சுலின் வைத்திருக்கும் முதியவர் உள்ள வீட்டாரிடம் பொறுமையை மட்டும் போதிப்பது அறிவன்று.

எனவே ஜெனரேட்டர் கூடாது என்று நாம் சொல்லவில்லை. தேவை அதன் அளவுக்கே மதிப்பிடப்படும் என்பது ஃபிக்ஹு விதி. நம் தேவையை அந்த விதியின்படி இரண்டாகப் பிரித்துப் பார்த்தால் வழி கிடைக்கிறது.

ஒன்று, அரைமணி அல்லது ஒருமணி நேரத் தேவை: தொட்டிக்கு நீர் ஏற்றுதல், குளிர்பதனப் பெட்டியைச் சற்றே குளிர வைத்தல், செல்பேசிகளை ஏற்றுதல். மோட்டார் ஓட ஜெனரேட்டர்தான் வேண்டும். அதைத் திறந்த வெளியில், நான்கு பக்கமும் திறந்து மேலே மட்டும் தகரக் கூரை போட்ட மேடையில், பெரியவர் ஒருவர் விழித்து அருகிலிருக்கும்போது மட்டும் இயக்கலாம். பெட்ரோல் தீர்ந்தால் உடனே ஊற்றக் கூடாது. அணைத்து, எஞ்சின் ஆறிய பிறகே ஊற்ற வேண்டும். சூடான எஞ்சின் மீது சிந்தும் பெட்ரோல் பற்றிக்கொள்ளும்.

மற்றது, இரவு முழுவதுக்குமான தேவை: இரண்டு மின்விசிறி, மூன்று விளக்கு. இதற்கு நெருப்பு எதற்கு? குறைந்த மின்சாரத்தில் ஓடும் புதிய வகை மின்விசிறி 30 வாட் அளவில் ஓடும், ஒரு எல்.இ.டி. விளக்கு 9 வாட். மொத்தம் 100 வாட்டுக்கும் குறைவு. 150 ஏ.எச். பேட்டரியுடன் கூடிய ஒரு இன்வெர்ட்டர், நல்ல நிலையில் இருந்தால், இந்தச் சுமையை இரவு முழுவதும் தாங்கும். புகையும் இல்லை, இரைச்சலும் இல்லை. பேட்டரியைக் காற்றோட்டமான இடத்தில், வெள்ளம் ஏறாத உயரத்தில் வைத்து, நீர் அளவைப் பார்த்துவந்தால் போதும். ஜெனரேட்டரோ இதே சிறிய சுமைக்கு இரவெல்லாம் பெட்ரோலைக் குடிக்கும்; லிட்டர் 100 ரூபாயை ஒட்டி விற்கும் காலத்தில் அது வீண்விரயமும் ஆகும். வீண்விரயம் செய்வோரைப் பற்றித் திருக்குர்ஆன் (17:27) எச்சரிப்பதை நாம் அறிவோம்.

ஆகவே சுருக்கமாகச் சொன்னால்: விழித்திருக்கும்போது ஜெனரேட்டர், உறங்கும்போது பேட்டரி. இதுவே அந்த மாணவருக்கான விடை.

"எல்லாம் அல்லாஹ்வின் விதிப்படி நடக்கும்" என்று இதற்குப் பதில் சொல்வோரும் உண்டு. ஒட்டகத்தைக் கட்டிவிட்டுத் தவக்குல் வைக்கும்படி கற்பிக்கப்பட்ட சமுதாயம் நாம். நம் கைகளாலேயே நம்மை அழிவில் போட்டுக்கொள்ள வேண்டாம் என்ற கட்டளையும் (2:195) அதே இறைவனிடமிருந்து வந்ததே.

ஜெனரேட்டர் ஓடும்போது வீட்டில் இருவருக்கோ மூவருக்கோ ஒரே நேரத்தில் தலைவலியும் குமட்டலும் வந்தால், காரணத்தை ஆராய்ந்துகொண்டிருக்க வேண்டாம். எல்லோரையும் உடனே வெளிக்காற்றுக்குக் கொண்டுவந்து, எந்திரத்தை அணைத்து, 108க்கு அழையுங்கள். மருத்துவரிடம் ஜெனரேட்டர் ஓடியதைச் சொல்லுங்கள். பேட்டரியில் இயங்கும் கார்பன் மோனாக்சைடு எச்சரிக்கைக் கருவி கிடைக்கிறது. ஜெனரேட்டர் வாங்க முடிந்தவருக்கு அது பெரிய செலவாகாது.

பள்ளிவாசல் செய்யக்கூடியது

அரை கிரவுண்டுக்காரருக்கு இடமில்லை. ஆனால் பல பள்ளிவாசல்களுக்கு முற்றம் இருக்கிறது. தெருவுக்குப் பத்துச் சிறிய ஜெனரேட்டர்கள் பத்துச் சந்துகளில் புகை கக்குவதைவிட, ஜமாஅத்தின் பொறுப்பில் ஒரே ஒரு நல்ல ஜெனரேட்டர், உயர்த்திய புகைக்குழாயோடும் இரைச்சல் அடக்கும் கூண்டோடும், முறையான சேஞ்ச் ஓவர் சுவிட்சோடும் திறந்த முற்றத்தில் நிற்பது மேல். அதைக் கொண்டு பள்ளியின் ஆழ்துளைக் கிணற்றிலிருந்து தெருவுக்கே நீர் எடுக்கலாம். ஒரு பலகையில் இருபது பிளக்குகள் பொருத்தி, வருவோர் அனைவரும் செல்பேசியை ஏற்றிக்கொள்ளச் செய்யலாம். இன்சுலின் வைக்க ஒரு சிறிய குளிர்பதனப் பெட்டியும், நெபுலைசர் தேவைப்படும் குழந்தைகளுக்கு ஓர் இடமும் ஒதுக்கலாம்.

அந்த வெளிச்சம் தொழுகையாளிகளுக்கு மட்டுமானதாகவும் இருக்கலாகாது. 2015 டிசம்பர் வெள்ளத்தில் சென்னையின் பள்ளிவாசல்கள் மதம் பாராமல் கதவைத் திறந்து மக்களைத் தங்கவைத்ததைத் தமிழகம் இன்றும் நினைவுகூர்கிறது. அடுத்த வடகிழக்குப் பருவமழைக்கு முன்பாக, மஹல்லாக் கூட்டத்தில் ஒரு மணிநேரம் இதற்காக ஒதுக்கினால் போதும். யார் வீட்டில் முதியவர் தனியாக இருக்கிறார், யாருக்கு மூச்சிரைப்பு, எந்த வாடகை அறைகளில் வெளியூர்ப் பிள்ளைகள் தங்கியிருக்கிறார்கள் என்ற ஒரு பட்டியலையும் சேர்த்தே எழுதிக்கொள்ளலாம்.

மேலே படித்த அந்தச் சகோதரர் இப்போது ஓர் இன்வெர்ட்டர் வாங்கிவிட்டார். அதிலிருந்து ஒரு விளக்கையும் ஒரு மின்விசிறியையும் மேலறைக்கும் எலக்ட்ரீஷியனைக் கொண்டு இழுத்துக் கொடுத்திருக்கிறார். அந்த இளைஞர்கள் அதற்குத் தனியாகப் பணம் தர வந்தபோது அவர் வாங்கவில்லை. "அது உங்க ஹக்குப்பா" என்று சொல்லிவிட்டாராம்.

மறுநாள் மக்தபில் இரண்டாவது மாணவரிடம், "ஆம், அணைக்க வேண்டும். அத்தாவிடம் மரியாதையோடு எடுத்துச் சொல்லுங்கள்" என்றோம். அந்த அத்தாக்கள் இதைப் படிக்கிறார்கள் என்று நம்புகிறோம்.

வல்ல அல்லாஹ் நம் இல்லங்களையும் நம் அண்டை வீட்டாரின் இல்லங்களையும் எல்லாத் தீங்குகளிலிருந்தும் பாதுகாப்பானாக! பிறருக்கு இருளைத் தராத வெளிச்சத்தை நமக்கு அருள்வானாக! ஆமீன்.